வேதமும் வினாவும் – 11: பேராயர் போட்ட கணக்கு

ஏழு ஆசிரியர்கள் சேர்ந்து 1860-இல் வெளியிட்ட ‘கட்டுரைகளும் மதிப்புரைகளும்’ நூலால் இங்கிலாந்துத் திருச்சபையில் கிளம்பிய புயலைப் போன வாரம் பார்த்தோம். மற்ற நூல்களை வாசிப்பது போலவே வேதாகமத்தையும் வாசிக்க வேண்டும் என்று பெஞ்சமின் ஜோவெட் அதில் எழுதியதும், அவருடைய சகாக்கள் இருவர் திருச்சபை நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த வழக்கில் 1862 ஜூனில் தீர்ப்பு வந்தபோது, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து தாயகம் வந்திருந்த ஒரு பேராயர் இங்கிலாந்தில் இருந்தார். மோசேயின் ஐந்தாகமங்களைப் பற்றி ஒரு புத்தகத்தை எழுதி வைத்துக்கொண்டு, இதை வெளியிட்டுவிட்டுப் பதவியில் நீடிப்பது நேர்மையா என்று தனக்குள் போராடிக்கொண்டிருந்தவர் அவர். வேதத்தின் ஒவ்வொரு வரியும் நடந்த வரலாறு என்று நம்பியே ஆக வேண்டும் எனச் சபைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலிருந்து அவருக்குப் புரிந்தது. அக்டோபரில் முதல் பாகம் கடைக்கு வந்தது. ஆயிரக்கணக்கில் விற்றது. இங்கிலாந்தில் மதநூல் ஒன்று இப்படிப் பரபரப்பாக விலைபோனது அபூர்வம்.

அவர் பெயர் ஜான் வில்லியம் கொலென்சோ. நூல் ‘ஐந்தாகமமும் யோசுவாவின் புத்தகமும்: ஒரு திறனாய்வு’. ஏழு பாகங்களாக 1879 வரை வந்து முடிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை நாம் சந்தித்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஸ்பினோசா யூத சபையால் விலக்கப்பட்டவர். ரைமாருஸ் தன் சந்தேகங்களை எழுதி மேசைக்குள் பூட்டிவைத்து இறந்துபோனவர். லெஸ்ஸிங்தான் பிறகு அவற்றை அச்சேற்றினார். ஸ்ட்ராஸ் புத்தகம் வந்ததுமே வேலையை இழந்த இளம் அறிஞர். எல்லோருமே ஏதோ ஒரு வகையில் வெளியே நின்று கேட்டவர்கள், அல்லது கேட்டதால் வெளியே தள்ளப்பட்டவர்கள். கொலென்சோவோ மிஷன் பணிக்கென்று கடல் கடந்து போன ஒரு பேராயர். ஊருக்கு வேதத்தைக் கொண்டுபோகப் போனவரே, அதிலுள்ள எண்கள் ஒத்துவரவில்லை என்று கையெழுத்திட்டு எழுதினார். அதற்கு அவர் எபிரெயப் புலமையையோ தத்துவத்தையோ பெரிதாக நம்பவில்லை. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலுமே அவருக்குப் போதுமானதாக இருந்தன.

கணக்கு அவருக்குச் சோறு போட்ட தொழில். 1814-இல் கார்ன்வாலில் பிறந்தார். தகரச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து தந்தை நொடித்துப்போனார். இளமையிலேயே பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை பார்த்து, கேம்பிரிட்ஜில் ஏழை மாணவனாகச் சேர்ந்து, 1836-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாம் இடம் பெற்றார். ஹாரோ பள்ளியில் கணிதம் கற்பித்தபோது அவர் நடத்திய மாணவர் விடுதி தீப்பிடித்து எரிந்து பெருங்கடனில் சிக்கினார். அந்தக் கடனை அடைத்தவை அவர் எழுதிய எண்கணித, இயற்கணிதப் பாடநூல்கள். இங்கிலாந்துப் பிள்ளைகளில் ஒரு தலைமுறை அவற்றை வைத்துத்தான் கணக்குப் படித்தது. பிற்காலத்தில் அவரைக் கண்டித்துப் பிரசங்கம் செய்த குருமார்களில் பலர் சிறு வயதில் அவரிடமே கூட்டல் கழித்தல் கற்றவர்களாக இருந்திருப்பார்கள்.

1853-இல் நேட்டாலின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1855-இல் குடும்பத்தோடு போய், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு அருகில் எகுகன்யேனி என்ற மிஷன் நிலையத்தை அமைத்தார். பள்ளி, பண்ணை, அச்சகம் எல்லாம் அங்கே இருந்தன. நேட்டால் என்றதும் நமக்கு வேறொரு நினைவு வரும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது 1860 நவம்பர் 16-இல். கொலென்சோ தன் கணக்குகளைத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே வேளையில்தான்.

ஜூலு மக்களிடம் அவர் போனவிதம் மற்ற மிஷனரிகளுக்குப் பிடிக்கவில்லை. பல மனைவியர் உள்ள ஒருவன் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவிடச் சொல்வது அந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநியாயம் என்று வெளிப்படையாக எழுதினார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஜூலுக்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதி எழுதியே மொழியைக் கற்றார். இலக்கணம் எழுதினார். 1861-இல் ஜூலு–ஆங்கில அகராதி வெளியிட்டார். வேதாகமத்தை ஜூலுவில் பெயர்க்கும் வேலையும் கூடவே நடந்தது. அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் வில்லியம் என்கிடி. முன்பு அமெரிக்க மிஷனரி ஒருவரிடம் இருந்தவர், எகுகன்யேனியில் ஆசிரியராக இருந்தார். எழுதவும் வல்லவர்: ஜூலு மன்னன் ம்பாண்டேயைக் காண கொலென்சோ போன பயணத்தைப் பற்றி என்கிடியும் வேறு இருவரும் எழுதிய குறிப்புகள் 1860-இல் தனி நூலாகவே வந்தன.

ஒருநாள் நோவாவின் பேழைக் கதையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். என்கிடி நிறுத்திவிட்டுக் கேட்டார்: இதெல்லாம் உண்மையா? சூடான நாட்டு மிருகங்களும் குளிர் நாட்டு மிருகங்களும் ஊர்வனவும் பறப்பனவும் சோடி சோடியாக வந்து பேழைக்குள் ஏறின என்று நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா? அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்துவைத்தாரா, இறைச்சி தின்னும் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும்கூடவா?

பேராயர் உடனே பதில் சொல்லவில்லை. சார்லஸ் லயலின் நிலவியல் நூல்களை அவர் படித்திருந்தார். பிரான்சின் ஓவெர்ன் பகுதியிலுள்ள பழைய எரிமலைக் குன்றுகள் நோவாவின் காலத்துக்கு வெகுமுன்பு உருவானவை. அவற்றின் மேல் இன்னமும் கிடக்கும் இலேசான நுரைக்கல், உலகையே மூடிய வெள்ளம் ஒன்று வந்திருந்தால் அடித்துக்கொண்டு போயிருக்கும். இது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தன்னை நம்பி எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், ஆம், அப்படியே நடந்தது என்று சொல்வதா? ஆண்டவரின் பெயரால் பொய் சொல்லலாமா என்று சகரியா தீர்க்கதரிசியின் வார்த்தைகளில் தன் மனம் தன்னைக் கேட்டதாக அவரே நூலின் முன்னுரையில் எழுதுகிறார். சொல்ல அவர் துணியவில்லை.

என்கிடியின் பெயரை கொலென்சோ அந்த முன்னுரையில் குறிப்பிடவில்லை, விவேகமுள்ள ஒரு ஜூலு என்ற அளவில் விட்டுவிட்டார். இது எனக்கு வருத்தமே. பெயர் இல்லாததால் அவரை ஏளனம் செய்வது எளிதாயிற்று. ஞானஸ்நானம் கொடுக்கப்போன பேராயரையே ஒரு காட்டுமிராண்டி மனம் மாற்றிவிட்டான் என்று லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. அப்படிக் கேலி செய்தவர்களில் எத்தனை பேர் என்கிடியின் கேள்விக்குப் பதில் சொல்ல முயன்றார்கள்? கேள்வி கேட்டவரின் தோல் நிறமே அவர்களுக்குப் பதிலாகப் போதுமானதாக இருந்தது.

கொலென்சோ அவசரப்படவில்லை. ஜெர்மனியிலிருந்து புத்தகங்களை வரவழைத்தார். ஐந்தாகமம் பல கைகளால் எழுதப்பட்டது என்பவர்களின் நூல்களோடு, எல்லாம் மோசே எழுதியதே என்று வாதாடிய ஹெங்ஸ்டென்பெர்க், குர்ட்ஸ் போன்றவர்களின் நூல்களையும் படித்தார். சொல்லப்போனால், காப்பாற்ற வந்தவர்களின் சமாதானங்கள்தான் அவரை இன்னும் உலுக்கின. இப்படியெல்லாம் வளைத்து நெளித்து விளக்கவேண்டியிருந்தால் அடியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று கணக்கு வாத்தியாருக்குத் தோன்றியது. பிறகுதான் பென்சிலை எடுத்தார்.

அவர் போட்ட கணக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது யூதாவின் குடும்பத்தைப் பற்றியது. யோசேப்பை அண்ணன்மார் விற்றபோது அவனுக்கு வயது 17 என்கிறது ஆதியாகமம். பார்வோன் முன் நின்றபோது 30. பின்பு செழிப்பான ஏழு ஆண்டுகள், பஞ்சத்தில் இரண்டு ஆண்டுகள். ஆக, யாக்கோபு குடும்பத்தோடு எகிப்துக்குப் புறப்பட்டபோது யோசேப்புக்கு 39. விற்றதற்கும் புறப்பட்டதற்கும் இடையே 22 ஆண்டுகள். யோசேப்பு விற்கப்பட்ட காலத்தில்தான் யூதா கல்யாணம் செய்துகொள்கிறான். ஏர், ஓனான், சேலா என்று மூன்று மகன்கள் பிறக்கிறார்கள். மூத்தவன் வளர்ந்து தாமாரைக் கட்டி இறந்துபோகிறான். இரண்டாமவன் வளர்ந்து அவளையே கட்டி அவனும் இறக்கிறான். மூன்றாமவன் ஆளாகும்வரை தாமார் தகப்பன் வீட்டில் காத்திருக்கிறாள். அவன் ஆளான பிறகும் அவளைக் கொடுக்காமல் போகவே, மாமனார் யூதா மூலமாகவே இரட்டைப் பிள்ளைகளைப் பெறுகிறாள். அந்த இரட்டையரில் ஒருவன் பேரேஸ். எகிப்துக்குப் போன 70 பேரின் பட்டியலில் பேரேஸின் மகன்கள் எஸ்ரோனும் ஆமூலும் இருக்கிறார்கள்! யூதாவின் கல்யாணம் முதல் பேரப்பிள்ளைகள் வரை எல்லாம் 22 ஆண்டுக்குள் நடந்திருக்க வேண்டும். சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாலும் ஆகாது. இதைச் சரிபார்க்க எந்தப் பேராசிரியரும் வேண்டாம். ஆதியாகமத்தின் 37, 38, 41, 45, 46 அதிகாரங்களை விரித்துவைத்துக்கொண்டு வாசகர்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம்.

மற்றவை மக்கள்தொகையைச் சுற்றியவை. எகிப்திலிருந்து புறப்பட்டவர்களில் ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் என்கிறது யாத்திராகமம். எண்ணாகமத்தின் குடிக்கணக்கு இன்னும் துல்லியம்: 20 வயதுக்கு மேற்பட்ட, யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் 6,03,550 பேர், அதுவும் லேவியர் நீங்கலாக. பெண்கள், பிள்ளைகள், முதியோரைச் சேர்த்தால் இருபது லட்சத்தைத் தாண்டும். அன்றைய லண்டன் மாநகரின் மொத்த ஜனத்தொகைக்கு இணையான கூட்டம் அது.

அந்தக் கூட்டத்தை கொலென்சோ நடமாடவிட்டுப் பார்த்தார். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்கு முன் சபையார் எல்லாரும் கூடிவந்தார்கள் என்கிறது லேவியராகமம். கூடாரத்தின் அகலம் பத்து முழம், ஏறக்குறைய 18 அடி. ஆளுக்கு இரண்டு அடி வைத்தால் வரிசைக்கு ஒன்பது பேர். வளர்ந்த ஆண்களை மட்டும் முதுகோடு நெஞ்சு இடிக்க நெருக்கி நிறுத்தினாலும் அந்த வரிசை கிட்டத்தட்ட 20 மைல் தூரம் நீளும். பாளயத்துக்கு வெளியே பலிமிருகத்தின் தோலையும் மாமிசத்தையும் ஆசாரியன் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு விதி. லண்டன் அளவு பாளயத்தில் அது, புனித பவுல் பேராலயத்திலிருந்து நகரத்தின் எல்லைவரை ஒரு காளையைச் சுமந்து நடப்பதாகும். பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாயும் ஒரு புறாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவர வேண்டும். அதை ஆசாரியர் பரிசுத்த ஸ்தலத்தில் சாப்பிட வேண்டும். இருபது லட்சம் பேரில் நாளொன்றுக்கு எத்தனை பிரசவம் ஆகும்? 264 என்று கணித்தார். ஆசாரியர்களோ ஆரோன், எலெயாசார், இத்தாமார் ஆகிய மூவரே. ஆளுக்குத் தினமும் 88 புறா! பஸ்காவுக்கு ஒரே இரவில் எத்தனை ஆட்டுக்குட்டிகள் தேவைப்பட்டிருக்கும், அத்தனை குட்டிகளுக்கு எவ்வளவு பெரிய மந்தை வேண்டும், அதற்கு எத்தனை ஏக்கர் மேய்ச்சல் நிலம் வேண்டும் என்பதை ஆட்டுப் பண்ணைக்காரர்களிடம் விசாரித்தே எழுதினார். மனிதருக்கு மன்னா விழுந்தது சரி, வனாந்தரத்தில் அந்த மந்தைகள் எதைத் தின்றன?

முதற்பேறான ஆண்பிள்ளைகளின் தொகை 22,273 என்று எண்ணாகமம் சொல்கிறது. மொத்த ஆண்களின் எண்ணிக்கையை இதால் வகுத்தால் ஒவ்வொரு தாய்க்கும் சராசரியாக 40 ஆண்பிள்ளைகளுக்கு மேல் வருகிறது. எகிப்துக்குப் போன தாணுக்கு மகன் ஒரே ஒருவன். நான்காம் தலைமுறையில் தாண் கோத்திரத்துப் போர்வீரர் 62,700 பேர்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஆறு லட்சம் என்ற எண்ணில் முதலில் கைவைத்தவர் கொலென்சோ அல்லர். அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன், 14-ஆம் நூற்றாண்டிலேயே தன் ‘முகத்திமா’வில், யாக்கோபுக்கும் மோசேக்கும் இடையே நான்கு தலைமுறைகளே இருக்க இத்தனை பெரிய படை எங்கிருந்து வந்தது, இதை எந்த நிலப்பரப்பில் அணிவகுத்து நிறுத்துவது என்று கேட்டிருக்கிறார். செங்கடலைக் கடந்த கணக்கை ரைமாருஸும் போட்டார். கொலென்சோ செய்தது, ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டு, சாதாரண வாசகனும் சரிபார்க்கும்படி வைத்தது.

ஆனால் கணக்கு மட்டுமே அவரை எழுதவைத்தது என்று எண்ணிவிடக் கூடாது. யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எஜமான் அடித்த அடிமை அங்கேயே செத்தால் எஜமானுக்குத் தண்டனை உண்டு. ஓரிரு நாள் உயிரோடு இருந்து பிறகு செத்தால் தண்டனை இல்லை, ஏனெனில் அடிமை அவனுடைய பணம். இதைப் பெயர்க்கும்போது தன்னோடு இருந்த ஜூலு கிறிஸ்தவர் எப்படி அருவருத்துப்போனார் என்று கொலென்சோ எழுதுகிறார். எல்லாரையும் அன்பாய்ப் படைத்த கடவுள் ஒரு மனிதனைப் பணம் என்று சொல்வாரா? எண்ணாகமம் 31-இல் மீதியானியரின் ஆண்கள், சிறுவர், மணமான பெண்கள் எல்லாரும் கொல்லப்பட்டு 32,000 கன்னிப்பெண்கள் கொள்ளைப்பொருளோடு எண்ணப்படுகிறார்கள். இஸ்ரவேலர் தரப்பில் ஒரு ஆள்கூடச் சாகவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் நடந்த கான்பூர் படுகொலைகூட இதன் முன் ஒன்றுமில்லாமல் போகும் என்கிறார் கொலென்சோ. 1862-இன் ஆங்கில வாசகனுக்கு கான்பூர் என்ற பெயரே இரத்தத்தைக் கொதிக்கவைக்கும். அந்தப் பெயரை எடுத்து வேதத்தின் பக்கத்தில் வைத்தது சாதாரணத் துணிச்சல் அல்ல. இது நடக்கவில்லை என்று கணக்கு காட்டுவது தனக்கு ஆறுதல் என்பதே அவர் நிலை. கடவுளின் நற்பெயரை இந்தக் கதைகளிலிருந்து விடுவிக்கிறோம் என்று அவர் மனதார நம்பினார்.

பதில் நூல்கள் குவிந்தன. எண்களில் எழுத்தர் பிழை இருக்கலாம் என்றார்கள் சிலர். ஆசாரியன் தானே சுமந்தான் என்று கொள்ளத் தேவையில்லை, ஆள்வைத்துக் கொண்டுபோயிருக்கலாம் என்றார்கள் சிலர். இது நியாயமான பதில்தான். இன்னும் சிலர், கடலையே பிளந்தவருக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்றார்கள். ஆனால் நூல் அற்புதம் என்று சொல்லும் இடங்களை கொலென்சோ தொடவே இல்லை. சாதாரணமாக நடந்ததாக அது சொல்கிற இடங்களைத்தான் அளந்தார். அதற்குப் பதில் வரவில்லை. கவிஞர் மாத்யூ ஆர்னால்டின் கண்டனம் வேறு வகையானது: படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை, பாமரருக்கு இதனால் பயனுமில்லை என்றார். இந்த இடத்தில் ஆர்னால்டோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. அந்த எண்களை நடந்த வரலாறு என்று ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த நாட்டில், படித்தவர்கள் தமக்குள் தெரிந்துவைத்திருந்தது யாருக்கு உதவும்? என்கிடிக்கு உதவியதா?

கொலென்சோவை மிகவும் காயப்படுத்தியது அவருடைய குரு பிரடெரிக் டெனிசன் மாரிஸின் பிரிவு. கொலென்சோவின் மனைவி சாரா பிரான்சிஸ்தான் மாரிஸின் சிந்தனையை அவருக்கு அறிமுகப்படுத்தியவர். பேராயராகும் முன் தன் கிராமப் பிரசங்கங்களை மாரிஸுக்கே அர்ப்பணம் செய்திருந்தார். அதே மாரிஸ் இப்போது இந்த நூலைப் பொறுக்க முடியாமல் விலகிப்போனார். ஏறத்தாழ எல்லாப் பேராயர்களும் அவரைப் பதவி விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். புனித டேவிட்ஸ் பேராயர் தேர்ல்வால் மட்டும் அதில் கையெழுத்திட மறுத்தார்.

1863 கடைசியில் கேப் டவுன் தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே விசாரணை நடத்தினார். கொலென்சோ போகவில்லை. இந்த மன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற அவருடைய மறுப்பை மொழியியல் அறிஞர் வில்ஹெல்ம் பிளீக் போய்ப் பதிவு செய்தார். டிசம்பர் 16-இல் கிரே அவரைப் பதவிநீக்கம் செய்தார். 1865 மார்ச்சில் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனை செல்லாது என்றது. காரணம் இறையியல் அல்ல, கிரேக்கு அந்தச் சட்ட அதிகாரமே இல்லை என்பதுதான். கொலென்சோ நேட்டாலுக்குத் திரும்பினார். 1866 ஜனவரியில் அவரைச் சபைநீக்கம் செய்யும் ஆணை அவருடைய பேராலயத்திலேயே வாசிக்கப்பட்டது. பேராலயம் யாருக்கு, சொத்து யாருக்கு, சம்பளம் உண்டா என்பதெல்லாம் நீதிமன்றத்துக்குப் போயின. 1869-இல் போட்டியாக இன்னொரு பேராயரும் அபிஷேகம் செய்யப்பட்டார். ஒரு சிறு நகரத்தில் இரண்டு பேராயர்கள், இரண்டு பேராலயங்கள்.

உலகெங்கும் உள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1867-இல் முதல் லாம்பெத் மாநாட்டில் கூடியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தத் தகராறு. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் இதன் எதிரொலி ஒன்று இன்றுவரை இருக்கிறது. ‘சபையின் அஸ்திபாரம்’ என்ற பாமாலையைப் பாடாத சி.எஸ்.ஐ. சபை இருக்காது. அதன் ஆங்கில மூலத்தை 1866-இல் எழுதியவர் விண்ட்சரில் உதவிக் குருவாக இருந்த சாமுவேல் ஜான் ஸ்டோன். கொலென்சோவால் சபை பிளவுபட்டதைக் கண்டு மனம் நொந்து, கிரேயின் நிலைப்பாட்டை ஆதரித்து எழுதிய பாட்டு அது. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் அதைப் பாடுகிறவர்களுக்கு, பாட்டின் பின்னால் ஒரு ஜூலு ஆசிரியரின் கேள்வி இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி, கணக்கின் பலன். ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆபிரகாம் கூனென் முதல் பாகத்தைக் கவனமாகப் படித்தார். ஐந்தாகமத்தில் துல்லியமான எண்கள், பெயர்ப் பட்டியல்கள், அளவுகள் நிறைந்த பகுதிகளே மிகப் பழையவை, அடிப்படை ஆவணத்தைச் சேர்ந்தவை என்று அதுவரை ஜெர்மானிய அறிஞர்கள் கருதிவந்தார்கள். கொலென்சோவின் கணக்கில் ஒவ்வொன்றாக உடைந்ததோ அந்தப் பகுதிகள்தான். நேரில் பார்த்து எழுதியவை போலத் தோன்றியவையே நடந்ததற்கு வெகுதூரத்தில் இருந்தன. அப்படியானால் அவை எப்படி மிகப் பழையவை ஆக முடியும்? இந்தக் கேள்வி கூனெனைத் தன் பழைய கருத்தைக் கைவிடச் செய்தது. ஆசாரியச் சட்டங்களும் குடிக்கணக்குகளும் பாபிலோன் சிறையிருப்புக் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்தவை என்ற முடிவுக்குப் போகும் பாதையில் இது பெரிய படி. இந்தக் கடனை கூனெனே பின்னாளில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் அறிஞர்கள் ஏளனம் செய்த புத்தகத்திலிருந்து ஹாலந்தின் அறிஞர் கற்றுக்கொண்டார்.

கொலென்சோவின் கதையை இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். 1873-இல் லூபி இனத் தலைவர் லங்காலிபலேலே, தன் ஆட்களின் துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் விஷயத்தில் நேட்டால் அரசோடு மோதல் வந்து மலை தாண்டி ஓடினார். பிடித்துக் கொண்டுவந்து, சரியான வக்கீல்கூட இல்லாமல் விசாரித்து, ஆயுள் முழுவதும் நாடுகடத்தி ராபன் தீவுக்கு அனுப்பினார்கள். அவர் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. இந்த விசாரணையில் பங்கெடுத்தவர் பூர்வகுடி விவகார அதிகாரி தியோபிலஸ் ஷெப்ஸ்டன், கொலென்சோவின் இருபதாண்டு நண்பர். கொலென்சோ அரசின் ஆவணங்களை எடுத்து, சாட்சிகளின் வாக்குமூலங்களை வரிக்கு வரி ஒப்பிட்டார். எங்கே முரண், எது விடுபட்டது, யார் சொன்னது மாறியது என்று தேடினார். நட்பு முறிந்தது. 1874-இல் லண்டன் போய் அமைச்சர் கார்னர்வனிடம் நேரில் முறையிட்டார். துணைநிலை ஆளுநர் பைன் திரும்ப அழைக்கப்பட்டார். லங்காலிபலேலே தீவிலிருந்து கரைக்குக் கொண்டுவரப்பட்டார். ஐந்தாகமத்தை வாசித்த அதே கண்ணோடு அரசாங்க அறிக்கையையும் வாசித்த மனிதர் இவர்.

1879 ஜனவரி 22-இல் இசாண்ட்லவானாவில் ஜூலுப் படை ஆங்கிலப் படையை நசுக்கியபோது நேட்டாலின் வெள்ளையர் பழிவாங்கத் துடித்தார்கள். மார்ச்சில் அந்தத் தோல்விக்காக உபவாச நாள் அறிவிக்கப்பட்டது. கொலென்சோ பிரசங்கப் பீடத்தில் மீகா தீர்க்கதரிசியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, நியாயமும் இரக்கமும் தாழ்மையும் நம்மிடம் இருந்தனவா, இந்தப் போரைத் தொடங்கியது யார் என்று தம் மக்களையே கேட்டார். கடைசி ஆண்டுகளில் போரைப் பற்றிய அரசு ஆவணங்களைத் தொகுத்து, அவற்றிலுள்ள பொய்களைக் குறிப்புகளோடு காட்டித் தன் அச்சகத்திலேயே அச்சடித்தார். 1883 ஜூன் 20-இல் இறந்தார். ஜூலு மக்கள் அவரை சொபாண்டு என்று அழைத்தார்கள். மக்களின் தகப்பன் என்பது அதன் பொருள்.

அவருடைய விமர்சகர்கள் சொன்ன ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. வேதத்தின் எண்களில் கைவைத்தவனுக்கு வேதத்தில் ஒன்றும் மிஞ்சாது என்றார்கள். பதினேழு ஆண்டு கழித்து, ஊரே போர் வெறியில் இருந்தபோது, மீகாவின் அந்த வசனத்தைக் காலனி அரசுக்கு எதிராகவே திருப்பிப் பேசியவர், ஆறு லட்சத்தை நம்ப மறுத்த இந்தப் பேராயரே. அவரைத் தண்டித்த சபையில் அந்த ஆறு லட்சத்தை முழுதும் நம்பியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அன்றைக்கு அந்தக் குரலில் பேசியவர்கள் அவர்களில் அதிகம் இல்லை.

கூனென் திறந்த வழியில் அடுத்து வந்தவர் ஜெர்மனியின் யூலியஸ் வெல்ஹவுசன். மாணவர்களைச் சபைப் பணிக்குத் தயாரிக்க இனி தனக்குத் தகுதியில்லை என்று சொல்லி 1882-இல் அவரே கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பதவியைத் துறந்தார். அவர் கதை அடுத்த வாரம்.